தாத்தா பெட்டியில் மூன்று புரோ நோட்டு: 410 ரூபாய் கடன் 250ல் எப்படி பைசல் ஆனது?

வசிஷ்டநதிக்காரன்:
ஆத்தூர் பக்கம் எங்கள் ஊர். போன மாதம் பழைய வீட்டை இடித்தபோது பரணில் ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே வரி ரசீதுகள், ஒரு ஜாதகக் கட்டு, அப்புறம் குண்டூசி துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட மூன்று புரோ நோட்டுகள், அதாவது கடன் சீட்டுகள். மூன்றும் கொள்ளுத்தாத்தா கடன் வாங்கி ஒரே ஆளுக்கு எழுதிக் கொடுத்தவை. முதலாவது 1929 ஆனியில், 300 ரூபாய்க்கு. இரண்டாவது 1932 ஆனியில் 360க்கு. மூன்றாவது 1935ல் 410க்கு. வட்டி மூன்றிலும் ஒன்றுதான், நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய். பின்பக்கம் அவ்வப்போது கட்டிய தொகைகளை வரவு வைத்திருக்கிறார்கள். மூன்றிலும் உள்ளதைக் கூட்டினால் 350 வருகிறது.

எனக்குப் புரியாதது கடைசி வரி. 1938 புரட்டாசியில், "ரூ.250 பெற்றுக்கொண்டு பைசல்", அதாவது கணக்குத் தீர்ந்தது என்று கடன் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒன்றரை வட்டிக் கணக்குப்படி பார்த்தால் அன்றைக்குப் பாக்கி 500க்கு மேல் இருக்க வேண்டும். பாதியை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு அவர் நல்லவரா? வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை. பழைய சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மொபசல் வக்கீல்:
அவர் நல்லவரா கெட்டவரா என்பதை விடுங்கள் தம்பி. கணக்கு மிகச் சரியாக இருக்கிறது. 1938ஆம் வருடத்து நாலாவது சட்டம், மதராஸ் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் சீனியர் இதை "ஃபோர் ஆஃப் தர்ட்டி எய்ட்" என்றுதான் சொல்வார்.

எட்டாவது பிரிவு. 1932 அக்டோபர் 1க்கு முன் பட்ட கடனாக இருந்தால், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் உள்ள வட்டி முழுக்கத் தள்ளுபடி. கோர்ட்டில் தீர்ப்பு வந்து டிக்ரி ஆகியிருந்தாலும் தள்ளுபடி. அசலும் வட்டியுமாக ஏற்கெனவே அசலைப் போல இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. இரண்டு மடங்குக்குக் குறைவாகக் கட்டியிருந்தால், குறைகிற தொகை ஒன்று, நிற்கிற அசல் ஒன்று. இரண்டில் எது சின்னதோ அதைக் கட்டினால் போதும்.

உங்கள் நோட்டுக்கு வாருங்கள். அசல் 300. இரண்டு மடங்கு 600. கட்டியது 350. குறைவது 250. நிற்கிற அசல் 300. சின்னது 250. பைசல்.

வசிஷ்டநதிக்காரன்:
சார், கைகொடுங்கள்! ஆனால் கடைசி நோட்டில் அசல் 410 என்றுதானே இருக்கிறது? அதுவும் 1935ல் எழுதியது. 1932க்கு அப்புறம் ஆயிற்றே?

மொபசல் வக்கீல்:
அங்கேதான் அந்தச் சட்டத்தின் கெட்டிக்காரத்தனம். புரோ நோட்டுக்குக் காலாவதி மூன்று வருடம். அதனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பழைய நோட்டை வாங்கிக்கொண்டு, பாக்கி வட்டியை அசலோடு சேர்த்துப் புது நோட்டு எழுதி வாங்குவார்கள். 300 என்பது 360 ஆகும், 410 ஆகும், ஒவ்வொரு முறையும் "அசல்" என்ற பெயரில். வெறுமனே வட்டி தள்ளுபடி என்று மட்டும் சட்டம் போட்டிருந்தால் கடன் கொடுத்தவர், "இது வட்டி இல்லை, அசல், கையெழுத்தைப் பாருங்கள்" என்று கோர்ட்டில் வந்து நிற்பார். எட்டாம் பிரிவின் கீழே ஒரு விளக்கம் வைத்தார்கள். நோட்டை எத்தனை முறை மாற்றி எழுதியிருந்தாலும், முதன்முதலில் கையில் கொடுத்த பணமும் அப்புறம் கொடுத்த பணமும்தான் அசல். அதனால் உங்கள் கடன் 1929 கடன்.

இப்படி ஒரு விளக்கம் வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? முன்சீப் கோர்ட் வராந்தாவில் வருடக்கணக்கில் நின்றவனுக்குத்தான் தோன்றும். அன்றைக்கு மதராஸ் மாகாணத்தின் பிரதமர், நிதியையும் கையில் வைத்திருந்தவர், சேலத்தில் 1900லிருந்து வக்கீல் தொழில் பார்த்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி.

சட்டம் மூன்றாமாண்டு:
பிரதமரா? முதலமைச்சர் இல்லையா சார்?

மொபசல் வக்கீல்:
1935 இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் மாகாணத்துக்கும் பிரதமர்தான். 1937 தேர்தலில் சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரஸுக்கு 159. சம்பளம் மாதம் 500 ரூபாய். சேலத்தில் வக்கீலாக அவர் சம்பாதித்ததைப் பார்த்தால் அது ஒன்றும் பெரிய காசு இல்லை.

ஈரோட்டுப் பேனா:
வந்தாயிற்று ராஜாஜி புராணம். வக்கீல் ஐயா, சட்டத்தை எழுதுவது செயலகத்தில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிகள். பிரதமர் ஒரு பிரிவையும் விளக்கத்தையும் தானே கைப்பட எழுதினார் என்பதற்கு என்ன ஆதாரம்?

மொபசல் வக்கீல்:
அவர் கைப்பட எழுதினார் என்று நான் சொல்லவில்லை. எந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று சொல்கிறவன் ஒருவன் வேண்டும். அவர் அப்பா ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் கிராம முன்சீப். ஓசூர் அன்றைக்கு சேலம் ஜில்லாவில் இருந்தது. நிலவரி வசூலைப் பார்த்து வளர்ந்த பையன், பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், மதராஸ் பிரசிடென்சி என்று படித்துவிட்டு, பட்டணத்திலேயே தங்காமல் சேலத்தில் போர்டு மாட்டினார். மொபசலில், அதாவது பட்டணத்துக்கு வெளியே, கிரிமினல் கோர்ட்டில் பெயர் எடுத்தவருக்கு யார் எதற்குக் கடன் வாங்குகிறார்கள், யார் எதற்கு வெட்டிக்கொள்கிறார்கள் என்பது அத்துபடி. ஆதாரம் கேட்டால் என்னிடம் இருப்பது இவ்வளவுதான். மீதி என் யூகம். முப்பது வருடம் இதே தொழிலில் இருப்பவனின் யூகம்.

அரிசிப்பாளையம்:
சேலம் வக்கீல் என்றாலே எல்லோரும் ராஜாஜியிடம் போய் நிற்கிறீர்கள். அவருக்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு சிங்கம் இருந்தது. சேலம் சி.விஜயராகவாச்சாரியார். ஊர் பொன்விளைந்த களத்தூர், பிறந்தது 1852. பிரசிடென்சி காலேஜில் பட்டம், அப்புறம் மங்களூரில் வாத்தியார் வேலை, அங்கிருந்து சேலம் காலேஜ். அதையும் விட்டுவிட்டு, சட்டக் கல்லூரி வாசற்படி மிதிக்காமலே படித்துப் பரீட்சை எழுதி வக்கீல் ஆனவர்.

1882ல் சேலத்தில் பெரிய கலவரம். தூண்டிவிட்டார் என்று இவர்மேல் வழக்கு, பத்து வருடத் தண்டனை. தொழிலுக்கு வந்த புதுசு. இன்னொருவராக இருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டு விடுதலை ஆனார். அத்தோடும் விடவில்லை. கலவரத்தைக் காரணம் காட்டி அரசாங்கம் நகரசபையிலிருந்து அவரை நீக்கியிருந்தது. "என்னைக் கேட்காமல் எப்படி நீக்கினாய்?" என்று லண்டனில் இருக்கும் இந்திய மந்திரியின் பேரிலேயே வழக்கு. ஜெயித்து 100 ரூபாய் நஷ்டஈடு வாங்கினார். 1884 தீர்ப்பு. இவரோடு தண்டனை பெற்றவர்களுக்காகவும் விடாமல் அலைந்திருக்கிறார்.

சட்டம் மூன்றாமாண்டு:
அட, விஜயராகவா எதிர் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்! நிர்வாகச் சட்ட வகுப்பில் வந்தது. ஒருவரைப் பதவியிலிருந்து நீக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார்கள். அந்த விஜயராகவா சேலத்துக்காரர் என்று யாருமே சொல்லவில்லை. நான் ஏதோ ஜமீன்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரிசிப்பாளையம்:
அந்த 100 ரூபாய்க்காரர்தான் 1895ல் மதராஸ் சட்டசபைக்குப் போனார். 1901 வரை உறுப்பினர். 1892 சட்டப்படி அமைந்த சபை அது. பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. கேள்வி கேட்கலாம், அதற்கு வரும் பதிலின்மேல் துணைக்கேள்வி கேட்கக் கூடாது. குறுக்கு விசாரணை செய்தே பழகிய ஒரு வக்கீலை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு கேள்வி போட்டுவிட்டு, சாட்சி என்ன சொன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்! அப்புறம் 1913லிருந்து 1916 வரை டில்லியில் இம்பீரியல் சட்டசபை. 1920 நாகபுரி காங்கிரஸுக்குத் தலைவர். 1944 வரை இருந்தார்.

ஈரோட்டுப் பேனா:
நாகபுரி விசேஷத்தையும் சொல்லுங்கள். வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணிக்க வேண்டும் என்ற ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதியான மாநாடு அது. தலைமை நாற்காலியில் இருந்தவருக்கோ அதில் சம்மதமே இல்லை.

அரிசிப்பாளையம்:
உண்மைதான். காந்தி வழிக்கு அவர் கடைசி வரை வரவில்லை. ராஜாஜி 1919ல் பட்டணத்துக்குக் குடிபோய் கொஞ்ச நாளிலேயே தொழிலை விட்டார். ஒரே ஊர் கோர்ட்டில் வக்கீலாக இருந்த இரண்டு பேர், ஆளுக்கொரு திசை.

வைகைக்கரை:
இழை எங்கேயோ போகிறது, இருந்தாலும் நானும் ஒன்று சொல்கிறேன். வக்கீல் மூளை சட்டம் இயற்றினால் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் ஊர் மீனாட்சியம்மன் கோயிலை விடச் சாட்சி வேண்டாம். 1939 ஜூலை 8. மதுரை வக்கீல் வைத்தியநாதய்யர் ஐந்து தாழ்த்தப்பட்டவர்களையும் ஒரு நாடாரையும் உள்ளே அழைத்துப் போனார். பின்னாளில் மந்திரியான கக்கன் அந்தக் குழுவில் இருந்தார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு வழிவிட்டார். உடனே, ஆகமம் போச்சு, வழக்கம் போச்சு, நிர்வாகி மேல் வழக்கு என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அப்புறம் அதுவே முழுச் சட்டம் ஆனது. பெயரைப் பாருங்கள்: ஆலயப் பிரவேச அனுமதி, அப்புறம் 'காப்பு'ச் சட்டம். உள்ளே போகலாம் என்று சொன்னதோடு நிற்காமல், உள்ளே விட்டவர்கள்மேல் வழக்குப் போட முடியாது என்றும் எழுதினார்கள். அதுவும் ஏற்கெனவே நடந்து முடிந்த நுழைவுக்கும் சேர்த்து. இது வழக்கை நம்பிக் கொடுத்தவனை ஜாமீனில் எடுக்கிற வக்கீல் புத்தி. மேடைப் பேச்சாளனுக்கு வராது.

ஈரோட்டுப் பேனா:
சரி. ஒரு வருடம் பின்னால் போவோமா? 1938ல் எம்.சி.ராஜா கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். தாழ்த்தப்பட்ட மக்களின் பிரதிநிதி, தன் மக்களுக்காகத் தானே கொண்டுவந்தது. அதைத் திரும்பப் பெறச் சொன்னவர் யார்? இதே ராஜாஜி. எம்.சி.ராஜா மறுத்தார், காங்கிரஸ் பெரும்பான்மை அதைத் தோற்கடித்தது. அடுத்த வருடம் மதுரையில் சூடு கிளம்பியதும் காப்புச் சட்டம் வருகிறது. வக்கீல் வாய்தா வாங்கலாம், ஐயா. கோயில் வாசலில் நிற்கிறவன் எத்தனை வாய்தாவுக்குக் காத்திருப்பான்?

வைகைக்கரை:
அதை மறுக்கவில்லை. மலபாரில் மட்டும் முதலில் செய்து பார்க்கலாம் என்று அந்த வருடமே தனியாக ஒரு சட்டம் போட்டார். படிப்படியாக என்பது அவர் வாதம். உங்கள் கேள்விக்கு அது பதில் ஆகாது என்பதும் தெரியும்.

ஈரோட்டுப் பேனா:
இன்னும் இருக்கிறது. கட்டாய இந்தி. 1938ல் எதிர்த்து மறியல் செய்தவர்களை எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள்? கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டம். காங்கிரஸ்காரர்களின் மறியலை நசுக்க வெள்ளைக்காரன் வைத்திருந்த ஆயுதம். அடக்குமுறைச் சட்டம் என்று இவர்களே கத்திய சட்டம். பெரியார் உள்ளே போனார், ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் உள்ளே போனார்கள். 1939ல் நடராசனும் தாளமுத்துவும் சிறைக் கைதிகளாக இறந்தார்கள். ராஜதுரோக வழக்கில் வரதராஜுலு நாயுடுவுக்காக வாதாடிய அதே வக்கீல்தான் இப்போது அரசாங்கத்தின் பக்கம் நிற்கிறார். எட்டாம் பிரிவு விளக்கத்தைப் புகழ்கிற நேரத்தில் இதையும் ஒரே பேனாவில் எழுதுங்கள்.

மொபசல் வக்கீல்:
எழுதுகிறேன். அது தவறு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. எங்கள் தொழிலின் வியாதி ஒன்று உண்டு. சட்டப் புத்தகத்தில் பிரிவு இருக்கிறதா, அதிகாரம் இருக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்போம். எதிரே நிற்பவர் ஒத்துக்கொண்டாரா என்பது எங்கள் கணக்கில் வராது. தீர்ப்பு வாங்கினால் போதும். 1953 கல்வித் திட்டத்திலும் அதேதான். அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில். கட்சியைக் கேட்கவில்லை, முன்கூட்டி சட்டசபையைக் கேட்கவில்லை. தன் வாதம் சரி என்று தனக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்தார். 1954ல் பதவி போயிற்று.

சட்டம் மூன்றாமாண்டு:
1952ல் அவர் வந்த விதமே வழக்குக்குப் போனதே சார். 375 இடத்தில் காங்கிரஸுக்கு 152தான். தேர்தலில் நிற்காத ராஜாஜியை கவர்னர் மேலவைக்கு நியமித்தார். கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி ஹைகோர்ட்டில் ரிட் போட்டார், தள்ளுபடி. அதையும் வகுப்பில் படித்தோம். எங்கள் பாடத்திட்டத்தில் பாதி சேலத்து வக்கீல்கள் போட்ட வழக்கும், அவர்கள்மேல் போட்ட வழக்குமாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

நெறியாளர்:
1952, இந்தி, குலக்கல்வி எல்லாவற்றுக்கும் தனித்தனி இழைகள் ஏற்கெனவே ஓடுகின்றன. இங்கே நோட்டைப் பற்றிப் பேசுங்கள்.

அரிசிப்பாளையம்:
நெறியாளர் மன்னிக்கணும், மதுவிலக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன், கடனோடு சம்பந்தப்பட்டது. 1937 அக்டோபர் 1, இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்த பழைய சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடை, சாராயக்கடை மூடல். மாகாணத்திலேயே முதலில் இங்கேதான். அப்புறம்தான் சித்தூர், கடப்பை, வடஆற்காடு. திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925லிருந்து ஆசிரமம் நடத்தி இதையேதான் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். கலால் வருமானம் போயிற்று. அந்த ஓட்டையை அடைக்க 1939ல் பொது விற்பனை வரி, இந்தியாவிலேயே முதல். இன்றைக்கு நாம் பில்லில் பார்க்கிற வரிக்கெல்லாம் அதுதான் பாட்டன். கடன் சட்டமும் வட்டியைத் தள்ள ஒரு தேதி வைத்ததே, பார்த்தீர்களா? அதே 1937 அக்டோபர் 1.

வசிஷ்டநதிக்காரன்:
பனை ஏறிக் கள் இறக்கிப் பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள்? எங்கள் ஊரில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய இருந்தன என்பார்கள்.

ஈரோட்டுப் பேனா:
நல்ல கேள்வி. அதோடு இன்னொன்று. வக்கீல் ஐயா, இந்தக் கடன் சட்டத்தில் "விவசாயி" யார்?

மொபசல் வக்கீல்:
பிடித்துவிட்டார். நிலத்தில் ஏதாவது ஒரு பாத்தியதை வேண்டும். பட்டாதாரர், குத்தகைதாரர், அப்படி. வெறும் கூலிக்கு வேலை செய்கிறவன் விவசாயி கணக்கில் வரமாட்டான். அதனால் அவன் வாங்கிய கடனுக்கு நாலாவது சட்டத்தில் வழி இல்லை. பனை ஏறியவருக்குச் சொந்தமாக நிலம் இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் தொழிலும் போனது, நிவாரணமும் இல்லை.

வசிஷ்டநதிக்காரன்:
இரண்டு நாளாக இதே நினைப்பு. நேற்று அப்பாவிடம் நோட்டுகளைக் காட்டி நீங்கள் எல்லோரும் சொன்னதைச் சொன்னேன். அப்பாவுக்கு வயது 81. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பின்பக்கத்து வரவுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். "250 கொடுக்கத்தான் எருமையையும் கன்றையும் விற்றதாகப் பாட்டி சொல்லும்" என்றார். அப்புறம், "பெட்டியில் இன்னொரு காகிதம் இருந்திருக்கணுமே, பெரிய காகிதம்" என்றார்.

வரி ரசீதுகளோடு மடித்துக் கிடந்தது. முத்திரைத்தாள். 1941. அப்பா சொன்ன கதை இது. 1938க்குப் பிறகு அந்தக் கடன் கொடுத்த ஆள் எங்கள் வீட்டுக்குக் கடனே கொடுக்கவில்லை. எங்களுக்கு என்று இல்லை, நோட்டு எழுதி யாருக்குமே கொடுக்கவில்லையாம். பெரிய அத்தை கல்யாணம் வந்தபோது கொள்ளுத்தாத்தா திரும்ப அதே வாசலில் போய் நின்றிருக்கிறார். "நோட்டெல்லாம் வேண்டாம், காட்டை என் பேருக்கு எழுதிக் கொடு, பணம் திருப்பிக் கொடுக்கிறப்போ நானும் திருப்பி எழுதித் தர்றேன்" என்றாராம். காடு என்றால் எங்கள் விளைநிலம்.

மொபசல் வக்கீல்:
பத்திரத்தில் திருப்பி எழுதித் தருவதாக ஏதாவது ஷரத்து இருக்கிறதா? நன்றாகப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில், சாட்சிக் கையெழுத்துக்கு மேலே.

வசிஷ்டநதிக்காரன்:
மூன்று முறை படித்துவிட்டேன் சார். சுத்தக் கிரயம், அதாவது முழு விற்பனை என்றுதான் இருக்கிறது. 400 ரூபாய்.

மொபசல் வக்கீல்:
ம். வாய்ப்பேச்சுதான். அந்தக் காலத்தில் நிறையப் பேர் பிடித்த வழி அது. கிரயம் என்று எழுதிவிட்டால் கடனே கிடையாது. கடன் இல்லை என்றால் எட்டாம் பிரிவுக்கு வேலை இல்லை.

சட்டம் மூன்றாமாண்டு:
அந்தக் காடு இப்போது யாரிடம் இருக்கிறது அண்ணா?

வசிஷ்டநதிக்காரன்:
அவர் பேரன் மரவள்ளி போட்டிருக்கிறார். நல்ல மனுஷன், போன வாரம் அந்த வழியாக வந்தபோது வண்டியை நிறுத்தி ஒரு கட்டுக் கிழங்கு கொடுத்தார். பத்திரத்தை அப்பா மறுபடி மடித்துப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டார்.